பதினான்காம் வரியில் என் கையெழுத்து

பென்னாகரம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

ஷைனி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவுக்கு மரவள்ளித் தோட்டத்தில் களை எடுத்து இடுப்புப் பிடித்திருக்கிறது, மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். ஏற்காட்டுக் குளிரில் உனக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

போனை ஒப்படைத்துவிட்டு நோவிஷியேட் என்கிற துறவுப் பயிற்சிக்குள் போகிறேன், ஒரு வருஷத்துக்குக் கடிதம் மட்டும்தான் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது ஹாஸ்டலில் என்னிடமும் போன் இல்லை. சாமியாராகப் போகிறவனும் பிளஸ் ஒன் படிக்கிறவளும் ஒரே கதிதான்.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் வெளிப்புறக் கல்வி என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் வகுப்பறையே கிடையாது. வரைபடம் பார்த்துக் காட்டில் நடப்பது, கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, முதலுதவி, பாறை ஏறுவது, நீச்சல். ஆளுக்கு ஒரு லாக் புக் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருபது வரி, ஒரு வரிக்கு ஒரு திறமை. எதிரே மூன்று கட்டம்: பார்த்தேன், உதவியோடு செய்தேன், தனியாகச் செய்தேன். கடைசியில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம்.

நடத்துகிறவர் மாதவராஜ் சார். அதியமான்கோட்டையிலிருந்து பைக்கில் வருகிறார். வருஷ ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் சொன்னது இதுதான்: "தெரியும்னு எழுதாதீங்க. செஞ்சேன்னு எழுதுங்க. எங்க, என்னிக்கு, எத்தனை தடவைன்னு எழுதுங்க." சாட்சிக் கையெழுத்தை அவர் போடுவதில்லை. நமக்கு ஜோடியாக இருக்கிறவள்தான் கூடவே நின்று எண்ணிப் பார்த்துப் போட வேண்டும். ஜோடியில் ஒருத்திக்கு வராவிட்டால் அந்தப் பயிற்சியில் இரண்டு பேருமே ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

என் ஜோடி வெண்மதி. தீர்த்தமலைப் பக்கத்துப் பெண். அவள் அப்பா ஆடு வைத்திருக்கிறார். ஆடு கட்டியே பழகியவள் ஆதலால் முடிச்செல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறது, எனக்கும் சொல்லித் தந்தாள். தண்ணீர் என்றால் மட்டும் பயம். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவதற்கே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

மணி அடித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஷைனி


ஏற்காடு
19 அக்டோபர் 2025

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்குச் சளி இல்லை என்று அம்மாவிடம் சொல். இருக்கிறது, ஆனால் இல்லை என்று சொல். அப்பாவைக் குனிய வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறார், தைலமாவது தடவச் சொல்.

இங்கே காலையில் ஜெபம், பிறகு தோட்டம், பாத்திரம், படிப்பு, மாலையில் வாலிபால். இரவில் மனச்சோதனை நோட்டு ஒன்று எழுத வேண்டும். அன்றைக்குச் செய்ததையும் செய்யாமல் விட்டதையும். உன் லாக் புக் மாதிரிதான், சாட்சிக் கையெழுத்து மட்டும் இல்லை. ஆகவே நானே எனக்கு நல்ல மார்க் போட்டுக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். உள்ளே வரும் கடிதங்களை எங்கள் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் நோவிஸ் மாஸ்டர் ஃபாதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நல்ல மனிதர், ஆனால் படிப்பார். என் பழைய கதைகளை எழுதி மானத்தை வாங்காதே.

முடிச்சு கற்றுத் தந்த வெண்மதிக்கு நீ நீச்சல் கற்றுத் தருகிறாயா? உனக்குத்தான் அப்பா கிணற்றில் தள்ளிவிட்டே பழக்கிவிட்டாரே.

என் ஆசி, இன்னும் செல்லுபடியாகாது என்றாலும்,
டேவிட்ராஜ்


பென்னாகரம்
23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் இடுப்பும் சௌக்கியம். உன் சளியைப் பற்றி நீ சொன்னபடியே அம்மாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

நேற்று பச்சியப்பன் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பரிசோதனை. சதுரக் கிணறு, மழை பெய்து மேல்படி வரை தண்ணீர். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஆறே கால் மீட்டர். எட்டு தடவை போனால் ஐம்பது மீட்டர். நடுவில் நிற்கக் கூடாது, ஓரத்தில் கட்டியிருக்கிற கயிற்றைப் பிடிக்கக் கூடாது. சார் மேட்டில் மீட்புக் கயிற்றோடு நின்றார், உடற்கல்வி டீச்சர் நிர்மலா எதிர்ப்பக்கம். எண்ணுவது ஜோடியின் வேலை.

நான் எட்டும் போய், மூச்சு மிச்சம் இருந்ததால் பத்து போனேன். எண்ணிய வெண்மதி பத்து என்று கத்தினாள். சார் "எட்டுன்னா எட்டு. பத்து யாரு கேட்டாங்க" என்றார். இருந்தாலும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததை நான் பார்த்தேன். லாக் புக்கில் நீச்சலுக்கான பதினான்காம் வரி முடிந்தது. ஜனவரியில் முகாம். காவிரியில் பரிசலில் போய் நடு ஆற்றில் குதித்துக் கரைக்கு நீந்த வேண்டும். பதினான்காம் வரி முடிந்த ஜோடிகளுக்கு மட்டும்தான் அது. மற்றவர்கள் முகாமில் வெங்காயம் உரிக்க வேண்டும். நான் ஆற்றுக்குப் போகிறேன், அண்ணா. ராத்திரியெல்லாம் இதே நினைப்பு.

வெண்மதியும் எட்டு முடித்தாள்.

ஹாஸ்டல் உப்புமாவில் நேற்று ரவையைத் தேடினோம். கிறிஸ்துமஸுக்கு அம்மா அதிரசம் சுடுவாள், உனக்குப் பார்சல் வரும். உன்னைவிட ஃபாதர் அதிகம் சாப்பிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்
ஷைனி


ஏற்காடு
7 டிசம்பர் 2025

அன்பு ஷைனி,

நான் நலம். நீ பத்து போனதை இங்கே பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். அப்பா தள்ளிவிட்டது வீண் போகவில்லை.

அதிரசத்தில் ஃபாதருக்குப் பங்கு உண்டு, அவர் இந்தக் கடிதத்தையும் படிக்கலாம்.

உன் எட்டுக்கு ஒரு பக்கம் எழுதினாய். வெண்மதியின் எட்டுக்கு ஒரு வரிதான். அக்டோபரில் வாளித் தண்ணீருக்குப் பயந்தவள் ஐந்தாறு சனிக்கிழமையில் கிணற்றில் ஐம்பது மீட்டர் போனாள் என்றால் அதுதான் பெரிய சேதி. எப்படிப் பழகினாள் என்று விவரமாக எழுது. எனக்கு இன்னும் நீச்சல் வராது என்பது உனக்குத் தெரியும். இங்கே ஏரிக்குக் கூட்டிப்போனால் கரையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறவன் நான் ஒருவன்தான்.

அம்மா அப்பாவுக்கு என் முத்தங்கள். முகாமுக்குப் போய் வந்து எழுது.

டேவிட்ராஜ்


பென்னாகரம்
18 ஜனவரி 2026

அண்ணா,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பொங்கலுக்கு வீட்டுக்குப் போய் நேற்றுதான் வந்தேன். நீ நலமா?

முகாமில் ஒரு விபத்து. ஒகேனக்கல் அருவிக்கு வெகு தூரம் மேலே, ஆறு அகலமாக அமைதியாக ஓடும் இடம் அது. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம். பரிசலிலிருந்து கரைக்கு நாற்பது மீட்டர். வெண்மதி குதித்து முக்கால் தூரம் போனாள், பிறகு கை ஓய்ந்து நின்றுவிட்டாள். தண்ணீர் அவளைப் பாறைப் பக்கம் இழுத்தது. சார் குதித்துத் தூக்கி வந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது முழங்கை உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

அவள் அப்பா வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். "நீந்தத் தெரியாத புள்ளைய ஆத்துல எறக்குனீங்களா" என்று எல்லார் முன்னாலும் சாரைக் கேட்டார். தலைமையாசிரியர் பானுமதி மேடம் விசாரித்தபோது சார், "அந்தப் புள்ள எட்டு போனதை நானே எண்ணுனேன். பொறுப்பு என்னுதுங்க" என்று சொன்னாராம். அவரை வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஜூனில் ஒப்பந்தமும் புதுப்பிக்க மாட்டார்களாம். லாக் புக்கெல்லாம் தகரப் பெட்டியில் பூட்டி ஆபீஸில் இருக்கிறது.

பரீட்சை வருகிறது. நேரமில்லை.

ஷைனி


ஏற்காடு
1 பிப்ரவரி 2026

பாப்பா,

வெண்மதி பிழைத்ததற்கு நாங்கள் எல்லோரும் இங்கே நன்றி சொல்லி ஜெபித்தோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உப்புமா இல்லை, கிண்டல் இல்லை, ஆற்றில் நீ நீந்தியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ராத்திரியெல்லாம் அதையே நினைத்தவள் நீ. டிசம்பரில் நான் ஒன்று கேட்டேன், அதற்கும் பதில் வரவில்லை. மறந்திருந்தால் சரி. மறக்காமல் விட்டிருந்தால் எழுது. ஃபாதர் படிப்பார் என்று தயங்காதே.

இன்னொரு விஷயம். பிப்ரவரி 18 சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை இங்கே யாரும் கடிதம் எழுதக் கூடாது. வருகிற கடிதங்களும் பிரிக்காமல் ஃபாதர் அலமாரியில் இருக்கும், ஏப்ரல் 5 அன்று மொத்தமாகத் தருவார். எழுதுவதென்றால் அதற்குள் எழுது.

உன் அண்ணன்
டேவிட்ராஜ்


பென்னாகரம்
12 பிப்ரவரி 2026

அன்பு அண்ணா,

நான் நலம் என்று எழுதத் தோன்றவில்லை. வீட்டில் எல்லோரும் நலம்.

வெண்மதி எட்டு போகவில்லை. ஐந்துதான் போனாள். ஆறாவதுக்குத் திரும்பும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் லாக் புக்கில் எட்டு என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பாவம், அண்ணா. அவள் வீட்டில் பிளஸ் ஒன் வரை வந்ததே அவள்தான். எல்லாரும் ஆற்றுக்குப் போகும்போது அவள் மட்டும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். மிதவைச் சட்டைதான் இருக்கிறதே, சார்தான் இருக்கிறாரே என்றும் நினைத்தேன். இரக்கப்பட்டுச் செய்தேன், அது இப்படி வந்து முடிந்தது.

சார் எண்ணவே இல்லை. அவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேர் வெளியே வரக் கூடாது என்றுதான் தானே எண்ணியதாகச் சொல்லியிருக்கிறார். நான் போய்ச் சொன்னால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம். ஆனால் என் இலவச ஹாஸ்டல் இடம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. இடம் போனால் படிப்பும் போகும், அது உனக்கே தெரியும். ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர் ஏற்றுக்கொண்டபடியே இருக்கட்டுமா? சொல்லட்டுமா, வேண்டாமா?

புதன்கிழமைக்குள் ஒரே ஒரு வரி போடு. நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

ஷைனி


பென்னாகரம்
8 மார்ச் 2026

அண்ணா,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

தினமும் ஹாஸ்டல் வாசலில் தபால்காரர் தங்கம்மாள் அக்காவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நாளுக்குப் பிறகு அவரே "உனக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்ட ஆரம்பித்தார். என் கடிதம் புதனுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்திருக்கும். இதையும் நீ ஈஸ்டருக்குத்தான் படிப்பாய். பதில் வராது என்று தெரிந்து எழுதும்போது பொய் எழுத முடியவில்லை. அதனால் போன கடிதத்தைத் திருத்துகிறேன்.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்றேன். அது பொய். ஜோடியில் ஒருத்திக்கு வராவிட்டால் இரண்டு பேரும் கரையில்தான். நான் பத்து போனவள். ஆற்றில் குதிக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக ஏங்கியவள். அவள் ஐந்தோடு நின்றபோது எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்காகத்தான் எட்டு என்று எழுதினேன்.

இன்னொன்று. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட இத்தனை நாள் ஆயிற்று. வெண்மதிக்கு அது பொய் என்றே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டுதான் நீந்துவாள், எண்ணிக்கையெல்லாம் என்னிடம் விட்டுவிட்டாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமியபடி "எத்தனை?" என்று கேட்டாள். நான் "எட்டு" என்றேன். நெஜமாவா, நெஜமாவா என்று கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதாள். அன்று ராத்திரி லாக் புக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஐந்து தடவை என்றால் முப்பது மீட்டர் சொச்சம். ஆற்றிலும் அதே தூரத்தில்தான் நின்றாள்.

நாளை பானுமதி மேடத்திடம் சொல்லப் போகிறேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்.

ஷைனி


பென்னாகரம்
22 மார்ச் 2026

அன்பு அண்ணாவுக்கு,

ஆண்டுத் தேர்வு நடக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

சொல்லிவிட்டேன். நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாதவராஜ் உன்னை இப்படிச் சொல்லச் சொன்னாரா?" என்றார். அவரைக் காப்பாற்றப் போய் அவர்மேல் இன்னொரு பழியைப் போட்டுவிட்டேனே என்று அங்கேயே அழுதேன். மேடம் தகரப் பெட்டியைத் திறந்து வெண்மதியின் லாக் புக்கை எடுத்து, பதினான்காம் வரியில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, சாருக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

சார் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. "நீங்க எண்ணுனீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று மேடம் கேட்டார். சார், "எண்ணலைங்க மேடம். எண்ணுனேன்னு சொன்னது பொய்" என்றார். மேடத்துக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. "செஞ்சதை மட்டும் எழுதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கதானே" என்றார்.

ஒரு வாரம் யோசித்து முடிவு சொன்னார்கள். ஜூனில் பயிற்சி மறுபடி நடக்கும். சாரே நடத்துவார். ஆனால் தண்ணீர்ப் பயிற்சிக்கு வேறு ஆள், எண்ணுவதற்கு ஓர் ஆசிரியர். என் லாக் புக் முழுவதும் ரத்து. ஜூனில் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அடுத்த முகாமுக்கு எனக்கு இடமில்லை. ஹாஸ்டல் இடம் இருக்கிறது, எச்சரிக்கையோடு.

அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். ஆபீஸில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு முன்னாலேயே நடந்தார். பிறகு, "ஒரு புள்ளைய சாமிக்குக் குடுத்துருக்கேன்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரியறேன். நீ இப்பிடிப் பண்ணிட்டியே" என்றார். பஸ் வந்தபோது, "நீயாத்தான் போய்ச் சொன்னியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "செரி, போ. பரீச்சைய ஒழுங்கா எழுது" என்று ஏறிப் போய்விட்டார்.

சாரிடம், "என் மேல கோவமாங்க சார்?" என்று கேட்டேன். "இருக்குது. உன் மேலயும் இருக்குது, என் மேலயும் இருக்குது. போய்ப் படி" என்றார்.

வெண்மதிக்கு இன்னும் தெரியாது. மேடம் அவள் வீட்டுக்குக் கடிதம் போடுவதாகச் சொன்னார். நானே போய்ச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். லீவுக்குள் சொல்லாவிட்டால் தாம் எழுதிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவளும் அவள் அப்பாவும் இன்னும் சாரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். இனி படிக்க அனுப்ப மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம். மேடத்திடம் சொன்னது பெரிதில்லை, அண்ணா. இதுதான் பயமாக இருக்கிறது.

ஷைனி


ஏற்காடு
5 ஏப்ரல் 2026, ஈஸ்டர்

என் அன்புத் தங்கை ஷைனிக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். எனக்கு ஒரு குறையும் இல்லை. காலைத் திருப்பலி முடிந்து ஃபாதர் உன் இரண்டு கடிதங்களையும் பிரிக்காமல் கையில் கொடுத்தார். கோழிக்குழம்பு ஆறிப்போகும் வரை தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன்.

இரண்டு கடிதம் என்றுதான் எழுதியிருக்கிறேன். மூன்று அல்ல. உன் பிப்ரவரி 12 கடிதம் புதனுக்குப் பிறகு வரவில்லை, பாப்பா. செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. ஃபாதர் படித்துவிட்டு, "பதில் எழுதறதுன்னா இன்னைக்கே எழுதிடு தம்பி, சாயங்காலம் தபால் கட்டுல போட்டுடறேன்" என்று சொல்லியும் கொடுத்தார்.

எனக்கு ஒரு நாள் முழுக்க இருந்தது. எழுதவில்லை.

மனதில் எழுதிப் பார்த்தேன். என்ன வந்தது தெரியுமா? பேசாமல் இரு, சார் பெரியவர், அவர் பார்த்துக்கொள்வார், அப்பா அம்மாவை நினைத்துப் பார். இப்படித்தான் வந்தது. அதை ஃபாதர் கண்ணில் படும்படி எழுத வெட்கமாக இருந்தது. சொல்லிவிடு என்று எழுதலாமென்றால், உன் படிப்பு போய்விடுமோ என்று கை வரவில்லை. மாலை மணி அடித்தது, தவக்காலம் வந்தது, நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று இரவு மனச்சோதனை நோட்டில் "தங்கைக்குப் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை" என்று எழுதினேன். அன்று மாலை ஒரு மணி நேரம் வாலிபால் ஆடினேன்.

நீ வாசலில் தபாலுக்கு நின்றதைப் படித்தபோது அழுதுவிட்டேன். இதைப் பக்தி என்று நினைத்துவிடாதே. வெட்கத்தில் அழுதேன்.

நீ என்னைக் கேட்காமல் செய்ததே நல்லது. அண்ணன் பேசாமல் இருந்ததால்தான் தங்கைக்குத் தைரியம் வந்தது என்று யாராவது எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தால் நம்பாதே. இன்று மதியம் நோட்டை எடுத்துப்போய் ஃபாதரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதனால்தான் முதல் வேலையாக இது.

வெண்மதியிடம் என்ன சொல்வது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. போவதற்கு முன்னால் ஒரு வரி எழுது, அன்றைக்கு உனக்காக ஜெபிப்பேன். அதை நிஜமாகவே செய்வேன்.

உன் அண்ணன்
டேவிட்ராஜ்


வீடு
3 மே 2026

அன்புள்ள அண்ணா,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், தனிப் பார்சலாக வருகிறது.

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நாலாம் நாள் கோபப்பட நானா என்று தோன்றி விட்டுவிட்டேன். முன்கூட்டியே உனக்கு எழுதவில்லை. எழுதினால் பதிலுக்குக் காத்திருப்பேன், காத்திருந்தால் போக மாட்டேன். முந்தாநாள் தர்மபுரி போய், அரூர் பஸ் பிடித்து, அங்கே பஸ் மாறித் தீர்த்தமலையில் இறங்கி வெண்மதி வீட்டுக்கு நடந்தேன். அம்மா துணைக்கு வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

வெண்மதி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். மாவுக்கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை இன்னும் முழுசாக நீளவில்லை. அவள் அம்மா காசியம்மாள் உடனே களி போட்டு உட்கார வைத்தார். சாப்பிட்டால் சொல்ல முடியாது என்று, கையை நனைக்காமலே, ஆட்டுப்பட்டிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். எனக்காகத்தான் எட்டு என்று சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே ஆட்டுக்குட்டியின் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தாள். "அஞ்சா?" என்றாள். ஆமாம் என்றேன். முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

பிறகு சொன்னாள்: "ஆத்துல பாதிக்கு மேல மூச்சு முட்டுச்சு. கையத் தூக்குனா சார் வந்துருவாருன்னு தெரியும். எட்டு போனவ நானு, இதையும் போயிடலாம்னு நெனச்சுத்தான் தூக்கல."

அண்ணா, இது எனக்குத் தெரியாது. அவள் பயத்தில் கூப்பிட மறந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் சொன்ன எட்டுதான் அவள் கையைத் தூக்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்ட பிறகு வாய் வரவில்லை.

அவளே எழுந்து போய் அவள் அப்பாவைக் கூட்டி வந்தாள். "சார் மேல தப்பில்லப்பா. இவ எண்ணுனது தப்பு" என்றாள். அவர், நாலு பேர் முன்னால் அந்த மனுஷனைக் கேவலமாகப் பேசிவிட்டு வந்தோமே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சாரின் நம்பர் கேட்டார். என்னிடம் மனப்பாடமாக இருந்தது, சொன்னேன். அரை மணி நேரம் வெளியே நின்று போனில் பேசினார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. உள்ளே வந்து, "ஜூன்ல கொண்டாந்து வுடறேன்னு சொல்லிட்டேன்" என்று காசியம்மாளிடம் சொன்னார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று காசியம்மாள் விடவில்லை. களி ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டேன். வெண்மதி எதிரே உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகவில்லை.

பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ்ஸில் ஏறப் போகும்போதுதான் பேசினாள்: "நான் வர்றேன். ஆனா வேற ஜோடி கேட்டு வாங்கிக்குவேன்."

சரி என்றேன். அரூர் வரை அழுதுகொண்டே வந்தேன், பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார். அவள் வருகிறாள், அண்ணா. என்னோடு இல்லை, ஆனால் வருகிறாள்.

உடம்பைக் கவனித்துக்கொள். ஃபாதருக்கும் என் வணக்கம்.

உன் தங்கை
ஷைனி